பதினோரு பேய்களும் ஒரு பெரட்டும்

சண்முகவடிவைப் பற்றி எழுதித் தரும்படி கொழும்பிலிருந்து ஒரு பத்திரிகைக்காரர் என்னிடம் கேட்டார். "மலையகத்தின் பேய் நடிகை" என்று தலைப்பும் அவரே வைத்துவிட்டார். ராத்திரியில் அவரைப் பார்த்தால் பயமாக இருக்குமா, நிஜமாகவே பேய் பார்த்திருக்கிறாரா, மேக்கப் போடாமலே நடிப்பாராமே, இதையெல்லாம் கொஞ்சம் சுவாரசியமாக எழுதுங்கள் டீச்சர் என்றார். எனக்கு வந்த கோபத்தில் போனைத் தூக்கித் தேயிலைக்குள் எறிந்திருப்பேன். போன் என்னுடையது என்பதால் எறியவில்லை.

பதினோரு படங்களில் பேயாக நடித்தவள், நான்கு பேய்ப் படங்களுக்குக் கதை வசனம் எழுதியவள், அவளைப் பற்றிக் கேட்பதற்கு இந்த மனிதருக்கு இருந்தது இவ்வளவுதான். எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டேன். அவர் கேட்டதை எழுதுவதாகச் சொல்லவில்லை.

நானும் வடிவும் ஒரே லயத்தில், தோட்டத்து வரிசை வீட்டில், பிறந்தவர்கள். றொசல்ல ஸ்டேஷனில் இறங்கி மேலே ஒரு மணி நேரம் ஏறினால் வரும் தோட்டம். லயத்தின் முதல் காம்பரா எங்களுடையது, நான்காவது அவர்களுடையது. அவளுடைய அம்மா பேச்சியம்மா தேயிலைக் கொழுந்தெடுப்பவர். அப்பன், அவள் கைக்குழந்தையாக இருக்கும்போதே வவுனியாப் பக்கம் வேலைக்குப் போனவன், திரும்பி வரவில்லை. என் அப்பா அலோசியஸ், கொழுந்தாள்களை வேலை வாங்கும் கங்காணி. காலையில் வேலைக்கு வந்தவர்களை வரிசையில் நிறுத்திப் பேர் கூப்பிடுவதைத்தான் எங்கள் பக்கம் பெரட்டு என்போம். பேர் கூப்பிட்ட பிறகுதான் எந்த மலைக்கு யார் போவது என்று சொல்லுவார்கள். பேச்சியம்மாவின் கூட்டத்துக்கு முப்பது வருஷம் பேர் கூப்பிட்டவர் என் அப்பா.

வகுப்பில் என்னைவிட வடிவுதான் கெட்டிக்காரி. கட்டுரை எழுதச் சொன்னால் மற்றவர்கள் பசுவைப் பற்றி எழுதுவோம், அவள் பசு ஏன் எங்களைப் பார்த்துப் பயப்படுகிறது என்று எழுதுவாள். சாதாரண தரப் பரீட்சையிலும் என்னைவிடக் கூடுதலாகவே எடுத்தாள். நான் உயர்தரம் படிக்க ஹட்டனுக்குப் போனேன், அவள் கொழும்பில் துணிக்கடைக்குப் போனாள். நான் கங்காணி மகள், அவள் கொழுந்துக்காரியின் மகள். வேறு காரணம் எதுவும் இல்லை, யாரும் எனக்குக் காரணம் சொல்லித் தர வேண்டாம்.

துணிக்கடையிலிருந்துதான் சினிமா தொடங்கியது. 2010இல் ஒரு சிங்கள டீவி நாடகக்காரர் வெள்ளைத் துணி வாங்க வந்தார். எத்தனை முழம் என்று அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. பிணத்துக்குப் போர்த்த என்றார். "செத்தவங்க என்னா உயரம் மாத்தயா?" என்று வடிவு சிரிக்காமல் கேட்டிருக்கிறாள். அந்த ஆள் அவளை மேலும் கீழும் பார்த்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை லீவா என்று கேட்டார். அந்த ஞாயிறு அவள் நான்கு மணி நேரம் பிணமாகக் கிடந்தாள். எறும்பு கழுத்தில் ஏறிக் கடித்தும் அசையவில்லை. எப்படி முடிந்தது என்று படப்பிடிப்பில் எல்லோரும் ஆச்சரியப்பட்டார்களாம்.

"கொழுந்து எடுக்கிறப்ப அட்ட கடிச்சாலும் கை நிக்கக்கூடாதுன்னு எங்கம்மா சொல்லிக் குடுத்தது. எறும்பு என்னா பெரிய எறும்பு?" என்று என்னிடம் சொன்னாள்.

அசையாமல் கிடக்கத் தெரிந்தவள், மெலிந்தவள், நீளமான முடி, சம்பளமும் அதிகம் கேட்கமாட்டாள். கொழும்பில் குறும்படம் எடுக்கிற பையன்களும் யூடியூபில் பேய்ப் படம் போடுகிறவர்களும் அவளைத் தேடி வரத் தொடங்கினார்கள். மேலே சொன்ன பதினோரு பேயில் ஏழு பேய் ஒரே பேய்தான். தோட்டத்துப் பெண், தோட்டத்தை நடத்தும் துரையின் மகன் கெடுத்துவிடுவான், அருவியில் குதித்துச் சாவாள், வெள்ளைச் சேலையும் காலில் சலங்கையுமாகத் திரும்பி வருவாள். வருகிறவள் துரையைப் பிடிக்கிறாளா என்றால் அதுவும் இல்லை. கொழும்பிலிருந்து சுற்றுலா வந்த நாலு பேரைப் பிடித்து ஆட்டுவாள். கடைசியில் ஒரு சாமியார் வந்து அவளைப் போத்தலில் அடைப்பார். எங்கள் ஊர்ப் பெண்ணைக் கெடுத்தவன் பங்களாவிலேயே இருப்பான், செத்தவள் போத்தலுக்குள் போவாள். இதைப் பார்த்துக் கைதட்டியவர்களில் நானும் ஒருத்தி என்பதை நினைத்தால் எனக்கே என் மேல் எரிச்சல் வருகிறது.

"எந்தக் கொழுந்துப் புள்ள சலங்க கட்டிக்கிட்டு மலைக்குப் போறா?" என்று ஒரு டைரக்டரிடம் கேட்டாளாம்.

"பேய் வாறது தெரிய வேணுமே" என்றாராம் அவர்.

இரண்டாவது பேயாக அவள் நடித்துக்கொண்டிருந்த நாளில்தான், 2011 ஆகஸ்டில், பேச்சியம்மா செத்துப்போனார். குளவி. எட்டாம் நம்பர் மலையில் குளவிக் கூட்டம் கலைந்து கொட்டியது. கம்பளியில் சுற்றித் தூக்கிக்கொண்டு லொறியில் டிக்கோயா ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். வழியிலேயே உயிர் போய்விட்டது. செய்தி கேட்ட வடிவு மேக்கப்பை அரைகுறையாகத் துடைத்துக்கொண்டு ரயில் ஏறினாள். மறுநாள் காலை அவள் லயத்துக்குள் வந்தபோது காதுக்குப் பின்னாலும் கழுத்திலும் வெள்ளைப் பூச்சு ஒட்டியிருந்தது. தாயைப் பறிகொடுத்தவளைக் கட்டிப் பிடிக்க வேண்டிய பெண்கள் அவளைப் பார்த்து இரண்டடி பின்னால் போனார்கள். நான் என் சேலைத் தலைப்பை நனைத்து அவள் கழுத்தைத் துடைத்துவிட்டேன். அன்றைக்கு நான் செய்த ஒரே நல்ல காரியம் அதுதான்.

ஏனென்றால் அன்று மத்தியானமே தோட்டத்து ஒப்பீஸ் ஒரு கதையைச் சொல்லிவிட்டது. பேச்சியம்மா அன்றைக்கு வேலைக்கே வரவில்லை, பெரட்டில் அவர் இல்லை, தன் சொந்த விஷயமாக விறகு பொறுக்க மலைக்குப் போன இடத்தில் குளவி கொட்டியது என்றார்கள். வேலையில் செத்தால் தோட்டம் பதில் சொல்ல வேண்டும். விறகு பொறுக்கப் போய்ச் செத்தால் யாரும் யாருக்கும் பதில் சொல்லத் தேவையில்லை. வரவுப் புத்தகத்தில் அன்றைய தேதிக்கு நேரே அவருடைய பேர் இல்லை என்று காட்டினார்கள்.

வடிவு அந்தக் கூட்டத்து நாற்பது பெண்களிடமும் போய்க் கேட்டாள். எங்கம்மா அன்னைக்குப் பெரட்டுக்கு வந்தாங்களா, இல்லையா? ஒரே கேள்விதான். எல்லோரும் ஒரே பதில் சொன்னார்கள். அன்னைக்குப் பனிம்மா, யாரு வந்தது யாரு வரலன்னு பாக்கல. இந்த மலையில் பனி எத்தனை பேரைக் காப்பாற்றியிருக்கிறது என்று நினைத்தால் வயிறு எரிகிறது. ஆனாலும் அந்தப் பெண்களை முழுதாகத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. லயக் காம்பரா தோட்டத்துடையது, தண்ணிப் பைப்பு தோட்டத்துடையது, பிள்ளையை விட்டுப் போகிற காம்பராவும் தோட்டத்துடையது. வாயைத் திறந்தவள் எங்கே போய்ப் படுப்பாள்?

கடைசியாக என் அப்பாவிடம் வந்தாள். அப்பா அந்தோனியார் படத்துக்குக் கீழே நின்றுகொண்டு, "வரல புள்ள. வந்திருந்தா நான் பேரு கூப்பிட்டிருப்பேனே" என்றார்.

அவள் என்னைப் பார்த்தாள். நான் அப்போது நுவரெலியாவில் படிப்பித்துக்கொண்டிருந்தேன், பேச்சியம்மா செத்த அன்று காலை ஊரில் இல்லை. இருந்தும் கேட்கிறவர்களுக்கெல்லாம் சொல்வதைப் போல அவளுக்கும் சொன்னேன். "அப்பா பொய் சொல்ல மாட்டாரு வடிவு."

அவள் சரி என்று தலையாட்டிவிட்டுப் போனாள். பன்னிரண்டு வருஷம் அதைப் பற்றி என்னிடம் பேசவில்லை. அவளுக்கு வேண்டியதெல்லாம் ஒன்றுதான், அன்று காலை அங்கே நின்ற ஒரு ஆள், ஒரே ஒரு ஆள், பேச்சியம்மா வந்திருந்தாள் என்று வாய் திறந்து சொல்ல வேண்டும். அதற்குப் பிறகு அவள் நடித்ததும் எழுதியதும் எல்லாம் அதற்காகத்தான் என்று இப்போது எனக்குப் புரிகிறது.

எழுத ஆரம்பித்தது மூன்றாவது படத்தில். வட்டவளைத் தோட்டத்தில் செத்த பேய் சென்னை சீரியலில் வருகிற மாமியார் மாதிரிப் பேசியதாம். "இப்பிடிப் பேசினா எங்காளுங்க பயப்பட மாட்டாங்க, சிரிப்பாங்க" என்று சொல்லி வசனத்தைத் திருத்திக் கொடுத்தாள். அடுத்த படத்தில் ஒரு காட்சி எழுதினாள். அதற்கடுத்த படத்தில் பாதிக் கதை அவளுடையது, திரையில் "உதவி" என்று நூற்றெட்டுப் பேருக்கு நடுவில் அவள் பேரும் போனது. பிறகு மூன்று படங்களுக்கு முழுதாக எழுதினாள். கொப்பியில் எழுதி எனக்கு அனுப்புவாள், நான் டைப் அடித்துக் கொடுப்பேன். நன்றாக எழுதினாள். அவளுடைய பேய்கள் கத்தமாட்டா, பாயமாட்டா. கதவைத் தட்டிவிட்டு, உள்ளே வரலாமா என்று கேட்கும். எனக்குத் தலைமயிர் சிலிர்த்துக்கொள்ளும்.

நான்காவது கதையின் பேரே "பெரட்டு". டைப் அடிக்கும்போது என் கை நின்றுவிட்டது. ஒரு தோட்டத்தில் தினமும் காலை கங்காணி பேர் கூப்பிட்டு முடிக்கிறார். கடைசியில் கூப்பிடாத ஒரு குரல் "இருக்கேங்க" என்கிறது. தலையை எண்ணினால் ஒன்று கூடுதல். புத்தகத்தைப் பார்த்தால் ஒன்று குறைவு. வெள்ளைச் சேலை இல்லை, சலங்கை இல்லை. சேலை நனையாமல் இடுப்பில் சுற்றிக் கட்டும் படங்கும் தலையில் கூடையுமாக மற்றவர்களைப் போலவே நிற்கிறாள். யாரையும் கொல்வதில்லை. பேர் கூப்பிடுகிற வரை போகமாட்டேன் என்கிறாள், அவ்வளவுதான். செத்தவளுக்கு ராக்காயி என்று பேர் வைத்திருந்தாள், பேச்சியம்மா என்று வைக்கவில்லை. ராக்காயி யார் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் ஒன்றும் கேட்காமல் டைப் அடித்துக் கொடுத்தேன்.

படத்தை எடுக்க முன்வந்தவன் பிரதாப். கொழும்பில் கலியாண வீடியோ எடுத்துப் பேர் வாங்கியவன், முப்பது வயது. கதையைப் படித்துவிட்டு, "அக்கா, பேய் ஒருத்தரையும் கொல்லாட்டி சனம் எப்பிடிப் பயப்படும்?" என்று கேட்டான்.

"கொல்றதுக்குத்தான் அங்க வேற ஆளுங்க இருக்காங்களே தம்பி" என்றாள் வடிவு.

அவனுக்கு அது புரிந்ததோ இல்லையோ, சரி என்றான். எங்கள் தோட்டத்துப் பெரட்டுக் களத்திலேயே எடுக்க வேண்டும் என்று அவள் ஒற்றைக் காலில் நின்றாள். ஒப்பீஸ் ஒரு நாள் அனுமதி கொடுத்தது, தங்கள் கிளாக்கர் ஒருவர் கூடவே இருப்பார் என்ற நிபந்தனையோடு. பேய்க் கதைதானே என்று நினைத்திருப்பார்கள். கங்காணி வேஷத்துக்குக் கொழும்பிலிருந்து மீசை வைத்த நடிகர் ஒருவரைக் கூட்டி வருவதாகப் பிரதாப் சொன்னான். வேண்டாம், பேர் கூப்பிடத் தெரிந்தவர் வேண்டும் என்று சொல்லிவிட்டு வடிவு நேராக எங்கள் வீட்டுக்கு வந்தாள்.

"அலோசியஸ் மாமா, நீங்கதான் கூப்பிடணும்" என்றாள்.

அப்பாவுக்கு எழுபத்தோரு வயது, ஓய்வு பெற்றுப் பதினொரு வருஷம். சினிமாவில் நடிக்கக் கூப்பிட்டதில் ஆளுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. பழைய கோட்டைத் தூசு தட்டிப் போட்டுப் பார்த்தார், தொப்பியைத் தேடி எடுத்தார். பழையதை எல்லாம் வடிவு மன்னித்துவிட்டாள் என்று நினைத்து எனக்குக் கண் கலங்கியது. மன்னிக்க ஒன்றும் இல்லை என்றும் உள்ளுக்குள் நினைத்தேன். என்ன ஒரு முட்டாள் நான்.

2023 மார்ச் மாதம், காலை ஏழு மணி. அன்றும் பனிதான். களத்தில் முப்பது பெண்கள் கூடையோடு நின்றார்கள். பாதிப் பேர் இப்போதும் வேலை செய்கிறவர்கள், மீதி அப்பாவின் பழைய கூட்டத்து ஆட்கள், எங்கள் லயத்தின் இரண்டாவது காம்பரா மீனம்மாவும் மூன்றாவது காம்பரா ராசம்மாவும் உட்பட. வடிவு நாலாவது வரிசையில் படங்கு கட்டி நின்றாள். பிரதாப் அப்பாவின் கையில் ஒரு தாளைக் கொடுத்தான். அதில் கதைக்காக எழுதிய பேர்கள் இருந்தன.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்ல வேண்டும். என் அப்பா ஒருநாளும் தாளைப் பார்த்துப் பேர் கூப்பிட்டவர் இல்லை. அந்தக் காலத்துக் கங்காணிமார் யாரும் அப்படிக் கூப்பிடுவதில்லை. கண்ணைத் தாழ்த்திக்கொண்டு, மனசுக்குள் லயத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நடப்பார்கள். ஒவ்வொரு காம்பரா வாசலாக நின்று, அங்கே இருக்கிற கொழுந்தாள்களின் பேரைச் சொல்லிக்கொண்டு போவார்கள். ஒரு வாசலும் தப்பாது. பேரோடு சேர்த்து, அந்த ஆளுக்குச் சொல்ல வேண்டியதையும் அதே மூச்சில் சொல்லிவிடுவார்கள். தாளும் பேனாவும் கிளாக்கர் வேலை, பேர் கூப்பிடுவது கங்காணி வேலை. பிரதாப்புக்கு இது தெரியாது. வடிவுக்குத் தெரியும்.

கமரா ஓடத் தொடங்கியது. அப்பா தாளை மடித்துக் கோட்டுப் பையில் வைத்தார். கண்ணைத் தாழ்த்தினார்.

"மீனம்மா!"

"இருக்கேங்க."

"மூணாம் நம்பர். நேத்து மாதிரி கம்பு ஒடிச்சிப் போட்டுட்டு வராத."

மீனம்மா தன்னையறியாமல் "இல்லீங்க" என்றாள். கதையில் அப்படி ஒரு பேரே இல்லை. பிரதாப் நிறுத்தவில்லை, நன்றாக இருக்கிறது என்று விரலைக் காட்டினான். அப்பா அடுத்த வாசலுக்குப் போனார். "ராசம்மா!" "இருக்கேங்க." "மூணாம் நம்பர்." அதற்கடுத்து நடக்கப்போவது எனக்கு விளங்கிவிட்டது. நான்காவது காம்பரா யாருடையது என்று எனக்குத் தெரியாதா?

"பேச்சியம்மா!"

நாலாவது வரிசையிலிருந்து வடிவு சொன்னாள்.

"இருக்கேங்க."

அப்பா நிமிரவில்லை. அந்தக் குரலில் அவருக்கு எந்த வித்தியாசமும் தெரியவில்லை. வழக்கமாகச் சொல்வதைப் போலச் சொன்னார்.

"எட்டாம் நம்பர். மேல் மூலையில வாகை மரத்துல குளவிக் கூடு கெடக்கு. சத்தம் போடாம கொழுந்து எடுத்துட்டு எறங்கிரு."

ராசம்மா கூடையைத் தரையில் போட்டுவிட்டாள். "அன்னைக்கும் இதத்தான் சொன்னீங்க கங்காணி!" என்று கத்தினாள். "இதே வார்த்தய இதே எடத்துல நின்னு சொன்னீங்க! அதுக்கப்புறந்தானே அவ போனா!"

அப்பா அப்போதுதான் நிமிர்ந்தார். முன்னால் நிற்பது யார், தான் சொன்னது என்ன என்று அவருக்குத் தெரிந்த அந்த நிமிஷத்தை நான் பார்த்தேன். வடிவு தன் இடத்தை விட்டு அசையாமல் அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

பிரதாப் கைதட்டினான். "கட்! அங்கிள், சூப்பர்! ஸ்கிரிப்ட்ல இல்லாத வசனம், எங்கிருந்து எடுத்தீங்க?"

அவனை ஓங்கி ஒரு அறை விடலாம் போல இருந்தது. விட்டிருக்க வேண்டும்.

கிளாக்கர் போனை எடுத்துக்கொண்டு ஓரமாகப் போனார். அரை மணி நேரத்தில் ஒப்பீஸிலிருந்து ஆள் வந்தது. அவர்கள் பிரதாப்பைத் தனியே கூட்டிக்கொண்டு போய்ப் பேசினார்கள். அவன் திரும்பி வந்து யார் முகத்தையும் பார்க்காமல், அந்த ஷொட்டை அழிக்கச் சொல்லுகிறார்கள், அழிக்காவிட்டால் மற்ற எல்லாத்துக்கும் அனுமதி போய்விடும் என்றான். கிளாக்கர் பக்கத்தில் நின்று பார்க்க, அவனே கமராவில் அழித்தான். இரண்டு விரல் வேலை.

மத்தியானம் பங்களாப் புல்வெளியில் வெள்ளைச் சேலையில் ஒரு காட்சி எடுக்கலாமா அக்கா என்று வடிவிடம் கேட்டான். அவள் படங்கை அவிழ்த்து மடித்து அவன் கையில் கொடுத்துவிட்டு இறங்கிப் போனாள். வேறொரு பெண்ணை வைத்து எடுத்து முடித்தான். படம் போன வருஷம் யூடியூபில் வந்தது. பேய்க்குச் சலங்கை இருக்கிறது. கதை, வசனம், இயக்கம் எல்லாம் பிரதாப். நான் அவனுக்குப் போன் எடுத்து வாய்க்கு வந்தபடி திட்டினேன். வடிவு என்னைத்தான் கடிந்துகொண்டாள், "அந்தப் படத்துக்கு என் பேரு என்னாத்துக்கு?" என்று.

அதற்கு முன்பே, படப்பிடிப்புக்கு மறுநாள், ராசம்மாவிடமும் போனேன். களத்தில் கத்தியதை எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர முடியுமா என்று கேட்டேன். அவள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். மருமகனுக்குத் தோட்டத்துத் தேயிலை ஸ்டோரில் வேலை, பேத்தி பிறந்திருக்கிறாள். "நான் என்னா கத்துனேன்னு எனக்கே ஞாபகம் இல்ல டீச்சர்" என்றாள்.

மிச்சம் இருந்தது என் வீட்டு ஆள்தான்.

மூன்று நாள் அப்பா சாப்பிடாமல் படுத்திருந்தார். எனக்கு இரக்கம் வரவில்லை. நாலாம் நாள் கட்டில் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன்.

"வந்தாங்களா, இல்லையா?"

"வந்தா" என்றார். "ரெண்டு நாளைக்கு முந்தியே கூடு இருக்குன்னு நான் ஒப்பீஸ்ல சொன்னேன். கூட்ட எடுக்க ஆளு இல்ல, கொழுந்து முத்திரும், ஆள ஏத்துன்னு தொர சொன்னாரு. சாயங்காலம் கூப்பிட்டு, அவ பேரு இன்னைக்கு இல்லன்னாரு. நானும் இல்லன்னேன்."

"ஏன்?"

அவர் சுவரைப் பார்த்தார். சுவர் சொன்னது. அந்த வருஷக் கடைசியில்தான் எங்களுக்கு லயத்தை விட்டு இந்தத் தனி வீடு கிடைத்தது. அப்பாவின் முப்பது வருஷ உழைப்புக்குத் துரை கொடுத்த வீடு என்று பள்ளிக்கூடத்தில் எல்லோரிடமும் பெருமை அடித்திருக்கிறேன். இதே வீட்டில் உட்கார்ந்துதான் வடிவின் கதைகளை டைப் அடித்தேன். அவளும் இங்கே வந்து இந்த ஓட்டுக்குக் கீழே தேத்தண்ணி குடித்துவிட்டுப் போவாள். அப்பா சொன்னது பொய் என்று அவளுக்கு எவ்வளவு நாளாகத் தெரியும்?

கேட்டேன். "அன்னைக்கே தெரியும்" என்றாள்.

"அப்ப வேணும்னே தான் அப்பாவக் கூப்பிட்டியா?"

"ஆமா. அவரு வாய் பொய் சொல்லும், பழக்கம் சொல்லாதுல்ல? அம்மா பேரக் கூப்பிடுவாருன்னு தெரியும். ஆனா கூடு இருந்தது தெரிஞ்சே அனுப்பினாருன்னு எனக்குத் தெரியாது டோரீன். சத்தியமா தெரியாது. கூடு இருந்தது யாருக்கும் தெரியாதுன்னுதான் இவ்வளவு நாளும் நெனச்சிருந்தேன்."

என்னை மன்னித்துவிடு என்று அழுதேன். அவள் எரிச்சலோடு என் கையை விலக்கினாள். "அழுகாத. எழுதி வாங்கித் தா."

அடுத்த ஞாயிறு பூசை முடிந்து அப்பாவும் நானும் வந்தபோது அவள் வாசலில் நின்றாள். மேசையில் ஒரு கோடு போட்ட தாளை வைத்தாள். அப்பா மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். அவள் சொல்லச் சொல்ல எழுதினார். "2011ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் ஒன்பதாம் தேதி காலை பேச்சியம்மா பெரட்டுக்கு வந்திருந்தார். நான்தான் பேர் கூப்பிட்டேன்." பன்னிரண்டு வருஷம் அவள் கேட்டது அதுதான். அது கிடைத்துவிட்டது.

அவள் தாளை எடுக்கவில்லை.

"இன்னும் ஒரு வரி இருக்கு மாமா. மலையில குளவிக் கூடு இருக்கிறது தெரிஞ்சும் அனுப்பினேன்."

அப்பா பேனாவைக் கீழே வைத்தார். "இது போதும் புள்ள. அதையும் எழுதினா நானே கொன்ன மாதிரி ஆயிரும்."

"அதத்தான் எழுதச் சொல்றேன்."

நான் பேனாவை எடுத்து அப்பாவின் விரல்களுக்குள் வைத்தேன். விரல்கள் மூடவில்லை, பேனா உருண்டு தரையில் விழுந்தது. என்னால முடியாது, என்னால முடியாது என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார். வடிவு அதுவரை எழுதிய தாளை மடித்து எடுத்துக்கொண்டு, ஹட்டன் பஸ்ஸைப் பிடிக்க இறங்கிப் போனாள்.

அப்பா இன்னும் அந்த வரியை எழுதவில்லை. இனி எழுதமாட்டார். அதனால் அவர் மகள் டோரீன் ஆகிய நான், அவர் களத்தில் நின்று சொன்னதை என் காதால் கேட்டவள், எழுதுகிறேன். எட்டாம் நம்பர் மலையில் குளவிக் கூடு இருந்தது என் அப்பாவுக்குத் தெரியும். தெரிந்தும் பேச்சியம்மாவை அனுப்பினார்.